இருபத்தோரு இடம், இருபத்திரண்டு பேர்

பொருளாதார அறிவியலின் மேன்மையை முன்னிட்டு, நாரின் நகரத்துக் கல்லூரி ஒன்றின் முதுநிலை விரிவுரையாளர் ஷார்ஷென் அவர்கள், ஏப்ரல் மாதம் இரண்டாம் ஞாயிறன்று நடைபெறவிருக்கும் கிராம சபைத் தேர்தலில் தமது பொன்னான வாக்கை யாருக்கும் அளிக்கப் போவதில்லை என்பது இதனால் உலகத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது.

அறிவிப்பு வெளியான நேரத்தில் உலகத்தார் சார்பில் மாட்டுத் தொழுவத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஷார்ஷெனின் மனைவி ஜிபார். இன்னொன்று பசு. பசுவாவது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. ஜிபார் பால் கறப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லியாச்சா? அந்த வாளியை இப்படித் தள்ளுங்க."

ஷார்ஷென் வாளியைத் தள்ளினார். அந்தத் தேர்தலில் ஜிபாரும் ஒரு வேட்பாளர் என்பதுதான் இதில் இருந்த சின்னச் சங்கடம்.

மனைவி மீது அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. கொள்கைதான் குறுக்கே நின்றது. பதினைந்து வருடத்துக்கு முன்பு 'ஒற்றை வாக்கின் விலை' என்று நாற்பது பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். நூறு பிரதி அச்சிட்டதில் பதின்மூன்று வெளியே போயிற்று. மீதி கட்டிலின் உடைந்த காலுக்குப் பதிலாக இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் போடும் ஒரு ஓட்டால் தேர்தல் முடிவு மாறுவதற்கு உள்ள வாய்ப்பைவிட, ஓட்டுப் போடப் போகிற வழியில் அவன் குதிரையிடம் உதை வாங்கிச் சாவதற்கு உள்ள வாய்ப்பு பன்னிரண்டு மடங்கு அதிகம் என்பதை அதில் சமன்பாடு போட்டு நிறுவியிருந்தார். ஆகவே அறிவுள்ளவன் ஓட்டுப் போட மாட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலன்றும் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, ஓட்டுப் போடப் போகிறவர்களை அனுதாபத்தோடு பார்ப்பது அவர் வழக்கம்.

ஜிபார் தேர்தலில் நின்றதற்குச் சமன்பாடு எதுவும் இல்லை. தண்ணீர்தான் காரணம். கரா-எஷ்மே ஊரின் மேலத்தெருவில் முப்பத்து நான்கு வீடுகளுக்குக் குழாய் கிடையாது. கீழே ஊர் மன்றக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்குழாயிலிருந்து, இரண்டு பெரிய அலுமினியக் கேன்களைக் கழுதை வண்டியில் ஏற்றி, காலையும் மாலையும் மேட்டில் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பதினொரு வருடமாக ஓட்டி வருகிறாள். இந்த வருடம் ஊர் அலுவலகத்துக்கு ஏதோ ஒரு வேலைக்கு மட்டும் பணம் வந்திருந்தது. மேலத்தெருக்காரர்கள் குழாய் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் ஊர் எல்லையில் அலங்கார வளைவு என்றார்கள். பக்கத்து ஊர் வளைவில் ஒரு பனிச்சிறுத்தை சிலை இருக்கிறது; ஆகவே இங்கே இரண்டு வைக்க வேண்டும். கீழத்தெருக்காரர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், தேர்தலுக்கு மறுநாள் திங்கட்கிழமை வளைவுக்கு அஸ்திவாரம் தோண்ட பொக்லைன்கூடச் சொல்லி வைத்தாயிற்று.

"நீ சபைக்குள்ள போய் என்ன பண்ணப் போறே?" என்று ஷார்ஷென் அவள் மனுப் போட்ட அன்றே கேட்டார். "இருபத்தோரு பேர்ல நீ ஒருத்தி. உன் ஒரு ஓட்டுக்கு விலை பூஜ்யம். ஒருத்தன் வந்தா காரியம் ஆகணும், இல்ல, போனா ஆகணும். அவன்கிட்டதான் நாலு பேர் வந்து பேரம் பேசுவாங்க. மத்தவன் எல்லாம் சும்மா தலை எண்ணறதுக்கு."

ஜிபார் கேனைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

இருபத்தாறு வருட இல்வாழ்க்கையில் அவள் அவரை எதையும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னதில்லை. ஷார்ஷென் கையில் சாக்பீஸ் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார்.

இந்த நிலையில்தான் மனுத்தாக்கல் முடிந்து, ஊருக்குப் பெரிய இடி விழுந்தது. சபையில் இருபத்தோரு இடம். நிற்பவர்கள் இருபத்திரண்டு பேர்.

மற்ற ஊர்களில் தோற்பவர்கள் பத்து இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே தோற்கப் போவது ஒரே ஓர் ஆள். ஊரே கூடி, இருபத்தோரு பேரை வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒருத்தரை மட்டும் விரல் நீட்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறது. கரா-எஷ்மே எதையும் சீக்கிரம் மறக்கிற ஊர் அல்ல. யாருடைய தாத்தாவோ பந்தயத்தில் குதிரையிலிருந்து விழுந்தார் என்பதற்காக ஒரு குடும்பத்துக்கே இன்றுவரை 'விழுந்தவர் வீடு' என்றுதான் பெயர்.

இருபத்திரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று. வாக்காளர்களுக்குச் சோறு போடுவது சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டு விசேஷத்துக்கு ஊரைக் கூப்பிடுவது குற்றமல்ல. அந்த மார்ச் மாதத்தில் ஊரில் நடந்த விசேஷங்களுக்கு அளவே இல்லை. நடை பழகும் குழந்தையின் காலில் கயிறு கட்டி, அதை வெட்டி விடுவது ஒரு நல்ல சடங்கு. ஒரு வேட்பாளர் தன் பேரனுக்கு அதை நடத்தினார். பேரன் சடங்குக்குச் சைக்கிளில் வந்து இறங்கினான்.

ஜிபார் விருந்து எதுவும் வைக்கவில்லை. ஒரு நாள் காலை, பாலை வடிகட்டிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த ஒருத்தி நானா இருந்தா, அத்தனை பேர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டுத் தினம் ரெண்டு தடவை குழாயடிக்குப் போக என்னால முடியாது. பிஷ்கெக்ல தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். மாட்டை நீங்க பாத்துக்குங்க."

ஷார்ஷென் மனத்துக்குள் கணக்குப் போட்டார். இருபத்திரண்டில் ஒன்று, சிறிய வாய்ப்புதான். பிறகு பசுவைப் பார்த்தார். பசுவும் அவரைப் பார்த்தது. ஜிபாரைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாத பசு அது. முந்தைய குளிர்காலத்தில் அவரை உதைத்து எரு மேட்டில் தள்ளியிருந்தது. ஜிபார் இல்லாத வீட்டையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். சுவரோரமாக அடுக்கிய இரண்டு பேரின் படுக்கைக் கம்பளிகளில் ஒன்று மட்டும் தினமும் விரிக்கப்படும். அந்தக் கணக்கை அவர் தொடர்ந்து போடவில்லை.

"கவலைப்படாதே. உன் தேர்தலை நான் எடுத்துக்கறேன். விஞ்ஞான முறைப்படி" என்றார்.

ஜிபாரின் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது.

விஞ்ஞானம் ஆட்டிலிருந்து ஆரம்பித்தது. வீட்டில் மூன்று ஆடுகள் இருந்தன. ஒன்றை அடித்து, தம் நூலின் பதினைந்தாம் ஆண்டு விழா என்று ஊரை அழைத்தார். எந்த நூல் என்று யாரும் கேட்கவில்லை. கறி உண்டா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

ஆட்டுக் கறியைப் பரிமாறுவதில் ஊருக்கென்று ஒரு முறை உண்டு. மூத்தவருக்கு இடுப்பெலும்பு. அடுத்தவருக்குத் தொடை. அதற்கடுத்து அவரவர் வயதுக்கும் உறவுக்கும் தக்கபடி, விலா எலும்புவரை. எந்த எலும்பு யார் தட்டில் விழுகிறது என்பதைப் பார்த்தே ஊரில் யார் யாருக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ளலாம். ஷார்ஷென் இதை வெகுநாளாகக் கண்டித்து வந்தார். பல் குறைந்தவனுக்கு அதிகக் கறி போவது எந்தப் பொருளாதாரம்? ஆகவே எலும்பையெல்லாம் நீக்கினார். அதில் இடது கை விரல்களையும் கொஞ்சம் நீக்கிக்கொண்டார். தராசு வைத்து, ஆளுக்கு முந்நூறு கிராம், பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, வந்த வரிசைப்படி வாசலிலேயே கொடுத்தார்.

முதல் பையை வாங்கியவன் ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆன யார் வீட்டு மருமகனோ. கடைசிப் பை ஒஸ்மானுக்கு. ஓய்வு பெற்ற கால்நடை வைத்தியர், ஊருக்கே மூத்தவர், மூத்தவர் கடைசியாக வர வேண்டும் என்பதற்காகக் கடைசியாக வருபவர். அவர் பையைப் பிரித்து, நோயுற்ற ஆட்டின் வாயைப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார்.

"இது எந்த எலும்பு?"

"எலும்பே இல்ல ஐயா. சுத்தமான கறி. எல்லாருக்கும் சமமா."

"நாய்க்குப் போட்டாக்கூட எலும்போடதான் போடுவாங்க, வாத்தியாரே."

விருந்து முடிந்தால் மூத்தவர் கை ஏந்திச் சொல்ல வேண்டிய வாழ்த்தைச் சொல்லாமலே அவர் திரும்பிப் போனார். அவரோடு பதினொரு பெரியவர்களும் போனார்கள். பையை மட்டும் யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை.

மறுநாள் இரண்டாவது ஆடு போயிற்று. ஷார்ஷென் அதன் இடுப்பெலும்பைத் தட்டில் வைத்து, துணி மூடி, பட்டப்பகலில் ஊர் பார்க்க ஒஸ்மான் வீட்டுக்கு எடுத்துப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒஸ்மான் மனம் இளகினார். மத்தியானத்துக்குள் மற்றப் பதினொரு வீட்டு மருமகள்களும் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு மேலத்தெருப் பக்கம் வந்து, தட்டில் என்ன இருந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஓர் ஆட்டுக்கு இரண்டு இடுப்பெலும்புதான். கையில் இருந்ததோ மீந்த ஓர் எலும்பும் உயிரோடு ஓர் ஆடும். பெரியவர்கள் பதினொரு பேர்.

பற்றாக்குறை ஏற்பட்டால் தகுதிப் பட்டியல் போட வேண்டும் என்று பொருளாதாரம் சொல்கிறது. ஷார்ஷென் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் அடையாள அட்டையான பாஸ்போர்ட்டை வாங்கிப் பிறந்த தேதியைக் குறித்தார். இப்படித்தான், கரா-எஷ்மேயில் இருபது வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்த ஓர் உண்மை வெளியே வந்தது. ஒஸ்மான் ஊருக்கு மூத்தவர் அல்ல. கீழத்தெரு மம்பெத் அவரைவிடப் பதினான்கு மாதம் மூத்தவர்.

மம்பெத் சாதாரண ஆள் இல்லை. தேர்தலில் நிற்பவர், வளைவுக் கட்சியின் தலைவர், இரண்டாவது பனிச்சிறுத்தை அவருடைய யோசனை. அவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா அவன் தின்னது..."

"உங்க எலும்பு" என்றார் ஷார்ஷென்.

"எத்தனை இருக்கும்?"

எண் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க ஷார்ஷெனால் முடியாது. வருடத்துக்கு நாற்பது விருந்து, இருபது வருடம். "எண்ணூறு" என்றார்.

அன்று சாயங்காலமே ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒஸ்மான் வகையறாவும் மம்பெத் வகையறாவும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். குழாயடியில் இரண்டு வரிசை நின்றது. பாஸ்போர்ட்டை எழுதிய குமாஸ்தா குடிகாரன் என்று ஒஸ்மான் சொல்லி அனுப்பினார். குமாஸ்தா தன் சித்தப்பா என்று மம்பெத் சொல்லி அனுப்பினார். எல்லாவற்றிலும் சண்டை போட்ட இரு தரப்பும் ஒரே விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. இத்தனைக்கும் காரணம் வாத்தியார்தான். ஆகவே அந்த இருபத்திரண்டாவது ஆள் யார் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

ஷார்ஷென் வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் ஒப்பித்தார். ஜிபார் திட்டவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மத்த இருபத்தோரு பேரும் இன்னமும் பயந்துக்கிட்டுதான் இருக்காங்களா?"

"பின்னே? உள்ளுக்குள்ள எல்லாருக்கும் அவனவன் தலைதான் உருளும்னு பயம். யாரும் தூங்கறதில்ல."

"சரி" என்று சொல்லி அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேன் இல்லாமல், நடந்தே கீழே போனாள். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டு மூன்று வீடு போனதாகவும் அலுவலகத்துக்கும் போனதாகவும் சொன்னாள். அங்கெல்லாம் என்ன பேசினாய் என்று அவர் கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான்."

ஷார்ஷெனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி தம் கொள்கையைப் பிரசாரம் செய்கிறாள்! எந்தப் பகுதியைச் சொன்னாள் என்று கேட்பதற்குள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கு இடுப்பு வலி என்றும், இனிமேல் தேர்தல் முடியும்வரை தண்ணீர் வண்டியை அவரே ஓட்டினால் ஊர் பார்த்து நல்ல பெயர் வரும் என்றும் சொன்னாள். பிரசார உத்தி என்ற வகையில் ஷார்ஷென் அதை அங்கீகரித்தார். அடுத்த பத்து நாளும் காலையும் மாலையும் கேன்களை ஏற்றி இறக்கினார். கழுதை அவருடைய நூலைப் படிக்காததால், நடு மேட்டில் நின்று போகிற இடத்துக்கெல்லாம் காரணம் கேட்டது.

ஜிபார் கீழே போய்வந்த மறுநாள் அவர் நகரத்தில் நூறு சுவரொட்டி அச்சடித்துக்கொண்டு வந்தார். ஜிபாரின் படம், கீழே 'ஒவ்வொரு வாக்கும் முக்கியம்'. இதை அவரேதான் எழுதிக் கொடுத்தார். ஊர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் நல்ல இடமாகப் பார்த்து, முத்திரை குத்திய ஏதோ ஒரு தாளின் மேல் பசையைத் தடவினார். தேர்தல் குழுச் செயலாளர் சூரா அப்போது வெளியே வந்தாள். ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். தேர்தல் வந்தால் இந்த வேலை.

"அதும் மேல ஒட்டாதீங்க வாத்தியாரே. எல்லாரும் படிக்க வேண்டிய பேப்பர். நீங்க முக்கியமா படிக்கணும்."

ஷார்ஷென் சிரித்தார். குடிமகன் ஒருவன் அரசாங்க அறிவிப்பைப் படிக்கச் செலவழிக்கும் நேரத்தின் விலை, அதைப் படிப்பதால் அவனுக்குக் கிடைக்கும் லாபத்தைவிட எப்போதும் அதிகம். ஆகவே படிக்காமல் இருப்பதே அறிவுடைமை என்று, நூலின் இருபத்தாறாம் பக்கத்தைக் கால் மணி நேரம் விளக்கினார். பசை காய்ந்துகொண்டிருந்தது. சூரா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப சரி. ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஊரின் போக்கே மாறிவிட்டது. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒட்டுமொத்தமாக ஊர் இரவில் தூங்கத் தொடங்கியது தெரிந்தது, விருந்துகளும் நின்றுபோயின. மம்பெத்தே தெருவில் வண்டியை மறித்து, நனைந்த கையைப் பிடித்துக் குலுக்கி, உன் வீட்டுக்காரி பெரிய மனசுக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்கடிக்கப் போகிறவன் தோற்கப் போகிறவளிடம் காட்டும் கருணை இது என்று ஷார்ஷென் புரிந்துகொண்டார், அன்று சாப்பிடவில்லை.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒஸ்மான்கூட உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்து, தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"சீட்டுல ஜிபார் பேரு மட்டும் இருக்கட்டும். முதல் முத்திரை அங்கதான் விழும்."

இதே வாக்கியத்தை, கொஞ்சம் முன்னே பின்னே, முப்பது வீட்டில் கேட்டுவிட்டார். எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதே பொய் என்பதற்கு ஆதாரம் என்று பட்டது. வாக்குறுதி இலவசம், இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பு இல்லை. ஆகவே வாக்காளரின் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்து, தேர்தலன்று தம் பழைய காரை இலவசமாக ஓட்டினார். காலையிலிருந்து ஏறாத ஆள் இல்லை. ஒருத்தி ஓட்டுப் போட்டுவிட்டு, அப்படியே மாவு மில்லுக்கு என்றாள். ஒருவர் வைக்கோல் கட்டோடு ஏறினார். இருவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே போய் இறங்கினார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் ஜிபாரைப் புகழ்ந்ததில் மட்டும் குறை வைக்கவில்லை.

சாயங்காலம் ஏழரை மணிக்கு, பெட்ரோல் தீர்ந்து, வாக்குச்சாவடி இருந்த மன்றத்து வாசலில் கார் நின்றது. ஷார்ஷென் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். மொத்தத்தையும் மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் கடைசி இடத்துக்கு ஜிபாருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் வந்து நின்றது. பதினைந்து வருடக் கொள்கை ஒரு பக்கம். மறுபக்கம் ஒற்றைக் கம்பளி.

அவர் காரை விட்டு இறங்கி, வாக்குச்சாவடிக்குள் நுழைந்தார்.

உள்ளே பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மரியாதைக்கு எழுந்தே விட்டார்கள். சூரா கைரேகைக் கருவியை அவர் பக்கம் திருப்பினாள். விரலை வைத்தால் எதிரில் உள்ள திரையில் படமும் பெயரும் வரும். அதன் பிறகுதான் சீட்டு கையில் கிடைக்கும். ஷார்ஷென் கட்டைவிரலை வைத்தார். திரை வெறுமையாக இருந்தது. ஆள்காட்டி விரலை வைத்தார். கருவி சிவப்பு விளக்குக் காட்டியது. வலது கையின் ரேகைகளைப் பத்து நாள் கேன் பிடியும் கழுதைக் கயிறும் உரித்து எடுத்திருந்தன. இடது கையில் ஆட்டெலும்பு வெட்டிய கட்டு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் எட்டு மணி அடித்துவிட்டது. சட்டப்படி கதவைச் சாத்தினார்கள்.

"விடுங்க வாத்தியாரே" என்றாள் சூரா. "உங்க கொள்கையாவது தப்பிச்சுது."

வீட்டுக்கு அவர் நடந்தே போனார். தம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் ஓட்டின் விலை அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஜிபார் சூப்புக் காய்ச்சி வைத்திருந்தாள். தான் ஓட்டுப் போடப் போனதை ஒப்புக்கொள்ளலாமா என்று வாயைத் திறந்தார். அவள், களைப்பாக இருக்கிறது, காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு, படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். ஊரை விட்டுப் போகிறவர்கள்தான் காலையில் சீக்கிரம் எழுவார்கள். ஷார்ஷென் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

விடிந்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. கோட்டும் ஆணியில் இல்லை.

அவர் பதறிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினார். பசு மட்டும் இருந்தது. பால் வாளி மூடி வைக்கப்பட்டிருந்தது. கடைசிக் கடமையையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார். அதே நேரம் கீழேயிருந்து பொக்லைன் உறுமுகிற சத்தம் கேட்டது. வளைவுக்கு அஸ்திவாரம். இரண்டு பனிச்சிறுத்தை. எல்லாம் முடிந்தது.

ஆனால் சத்தம் ஊர் எல்லையில் நிற்கவில்லை. குழாயடியைத் தாண்டியது. மேட்டில் ஏறியது. வேலிக்கு மேல் மஞ்சள் நிறத்தில் இரும்புக் கை ஒன்று தெரிந்தது. அதற்கு முன்னால், கல்யாணக் கோட்டில், கையில் ஒரு குச்சியோடு ஜிபார் நடந்து வந்துகொண்டிருந்தாள். வாசலுக்கு நேரே மண்ணில் குச்சியால் ஒரு கோடு கிழித்தாள். "இங்கேருந்து ஆரம்பிங்க. நான் தேநீர் போட்டுக் கொண்டாரேன்" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். போகிற போக்கில் கணவனைப் பார்த்து, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொன்னாள்.

ஷார்ஷென் அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. மூச்சு சீராக வந்தது. பசுவின் மேல்கூட அன்பு பெருகியது. பொக்லைன்காரர் இறங்கி வந்து கைகொடுத்தார். உலார் என்று பெயர், நாரினிலிருந்து வருகிறார்.

"ஜிபார் அக்கா வீடு இதுதானே அண்ணே? முதல் குழி இங்கதான் வெட்டணும்னாங்க. வளைவு அடுத்த வருஷம் பாத்துக்கலாமாம்."

"இதேதான். நான் அவ வீட்டுக்காரன்" என்றார் ஷார்ஷென். பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். நிம்மதி வந்தவுடன் பின்னாலேயே பொருளாதாரமும் வந்துவிட்டது. இந்த வெற்றி தானாக வந்ததல்ல என்று உலாருக்கு எடுத்துச் சொன்னார். கறியைச் சமமாகப் பங்கிட்டது முதல் கார் ஓட்டியதுவரை ஒவ்வொரு கட்டமும் கணக்குப் போட்டுச் செய்தது. ஆரம்பத்தில் பின்னடைவுபோலத் தோன்றியவை எல்லாம் உண்மையில் அஸ்திவாரம். இருபத்தோரு பேரில் ஒருத்தியாக உள்ளே போன முதல் நாளே இவள் குழாயைக் கொண்டுவந்துவிட்டாள் என்றால் அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. இதை எல்லாம் இரண்டாவது நூலாக எழுதப் போவதாகவும் சொன்னார். நூறு பிரதி போதாது.

உலார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா ஜெயிக்கலையே அண்ணே. 'நான் விலகிட்டா உங்க இருபத்தோரு பேர்ல ஒருத்தரும் தோக்க மாட்டீங்க, எனக்குக் குழாயைக் குடுங்க'ன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு, அன்னிக்கே வாபஸ் வாங்கிட்டாங்க. பத்து நாளா அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கே."